அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, இன்றிரவு எப்படிக் கவனிப்பது?

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். காலையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. 108 ஆம்புலன்சில் வந்த தம்பி விரலில் குத்திப் பார்த்தார்: சர்க்கரை 42. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்த அப்பா, "வலையை யார் எடுத்து வைத்தது?" என்றுதான் முதலில் கேட்டார்.

மருத்துவமனைக்கு வர மறுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்தத் தம்பி எவ்வளவோ மன்றாடினார். சோறு சாப்பிட வைத்து, மறுபடி சோதித்த பிறகே கிளம்பினார். அவருக்குக் கோடி நன்றி.

அப்பா சர்க்கரை நோய்க்குச் சாப்பிடுவது கிளைமிபிரைடு மாத்திரை. அதனால் சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும் என்று ஆம்புலன்ஸ் தம்பி எச்சரித்தார். பயமாக இருக்கிறது. மருத்துவர்கள், செவிலியர்கள் சொல்லுங்கள்: இரவில் எத்தனை மணிக்கொரு முறை எழுப்பிப் பார்க்க வேண்டும்? இரவு மாத்திரையைக் கொடுக்கலாமா? பக்கத்தில் யாரிடமாவது சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் ஓரிரவு தந்து உதவுங்கள். அப்பாவைச் சம்மதிக்க வைக்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள், உடனே கிளம்பிவிடுகிறோம்.