பொருள்: கேக்கெக்சியாவுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
வணக்கம். புற்றுநோயாளிகளின் வீட்டாருக்கான உணவுக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். கேக்கெக்சியா, அதாவது நோயால் தசை கரைந்து உடம்பு வற்றும் நிலை, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'எடை குறைதல்' என்று போட்டுவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

மருத்துவர், கோவை:
ஒப்பவும் கூடாது. பட்டினி கிடந்தால் கொழுப்புதான் பெரும்பாலும் கரையும், தசையை உடம்பு முடிந்தவரை காப்பாற்றும். சோறு போட்டால் தேறிவிடும். கேக்கெக்சியாவில் அழற்சியால் தசையும் கரைகிறது. ஊட்டச்சத்தால் மட்டும் முழுசாக மீட்க முடியாது. ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்குவது 2011 பன்னாட்டு வரையறையில் ஓர் அடையாளம். 60 கிலோ ஆள் 57க்குக் கீழே போவது. கணையம், இரைப்பை, நுரையீரல் புற்றில் அதிகம் பார்க்கிறோம். வீட்டில் என்ன நடக்கிறது? "ரெண்டு வாய் சாப்பிட்டாத்தானே உடம்பு தேறும்" என்று மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு மல்லுக்கட்டுகிறார், நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இருவர் மேலும் பழி விழாத சொல்லாகத் தாருங்கள்.

புலவர், மதுரை:
எலும்பை உருக்குவது எலும்புருக்கி. அதே வாய்பாட்டில் தசையுருக்கி! கிரேக்க மூலம் வெறும் 'கெட்ட நிலை' என்கிறது, நம் சொல் அதைவிடத் துல்லியம். 'மெலிவு' வேண்டவே வேண்டாம். குறளின் 'உறுப்புநலன் அழிதல்' அதிகாரத்தில் தோள் மெலிந்து வளை கழல்வது பிரிவால். தலைவன் திரும்பினால் தீர்ந்தது. உருக்கு என்பதே எஃகுக்கும் பெயர். கன்னடத்தில் உக்கு, அதுதான் ஐரோப்பியர் வாயில் 'ஊட்ஸ்' எஃகு ஆனது என்பார்கள். விரிவாகத் தனி இழையில் எழுதுகிறேன்.

தாதியர் பயிற்சி ஆசிரியை, யாழ்ப்பாணம்:
ஐயா, எலும்புருக்கி என்றால் பெரியவர்களுக்குச் சயரோகம்தான், அதாவது காசநோய். தசையுருக்கி என்று வாசித்தால் இதுவும் தொற்றும் என்று நோயாளியின் கோப்பையைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். நோய்மெலிவு என்று வைக்கலாமே?

புலவர், மதுரை:
நோயால் மெலிவா, நோயின் மெலிவா? நோயே மெலிந்துவிட்டது என்று படித்துச் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிடப் போகிறார்கள்.

மென்பொருளாளர், சிங்கப்பூர்:
சுகர், பிபி எல்லாம் எந்த அகராதியைக் கேட்டு வீட்டுக்குள் வந்தன? கேக்கெக்சியா என்றே விடுங்கள். டாக்டர் வாயிலிருந்து வரப்போவது அதுதான்.

புலவர், மதுரை:
அப்படியானால் எதற்குத் தமிழ்க் கையேடு?

ஆசிரியர், திருச்சி:
தசைத்தேய்வு?

மருத்துவர், கோவை:
அது குழந்தைகளுக்குப் பரம்பரையாக வரும் வேறு நோய்க்கு ஏற்கெனவே புழங்குகிறது. என் ஓட்டு நோய்மெலிவுக்கு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
சரி, நோய்மெலிவு என்றே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் கேக்கெக்சியா. கூடவே ஒரு வரி: 'இது நோய் செய்யும் வேலை, சாப்பிடாததால் மட்டும் வருவதல்ல, சமைப்பவர் குறையும் அல்ல.' அடுத்துப் புரத அளவு: நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 வரை. சரிதானே டாக்டர்?

மருத்துவர், கோவை:
சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள்.

புலவர், மதுரை:
பதிவுக்காக: எனக்கு உடன்பாடில்லை. தசையுருக்கியை இரண்டாம் பதிப்பில் மறுபடி எடுப்பேன். அப்புறம், 'புரதம்' யாரைக் கேட்டு உள்ளே வந்தது?