மாமியாரின் டோர்டெல்லினி: கைப்பக்குவம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

இத்தாலியின் பொலோன்யாவில் என் கணவர் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு என்றால் டோர்டெல்லினி (உள்ளே பூரணம் வைத்து மடிக்கும் குட்டி பாஸ்தா) சூப்தான். முதல் நாளே எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடிப்பார்கள். குடும்பக் கதை முழுக்க அப்போதுதான் வெளிவரும். மாமியாருக்கு இப்போது கை நடுங்குகிறது, இந்த வருடம் பொறுப்பு என்னிடம்.

அவர் நோட்டில் பூரணத்துக்குப் பன்றியிறைச்சி, மோர்டடெல்லா (பன்றியிறைச்சி சாசேஜ்), பார்மிஜானோ சீஸ், ஜாதிக்காய் எல்லாம் இருக்கிறது. அளவு மட்டும் 'தேவைக்கேற்ப'! (நம் அம்மாக்களேதான்.) 1974இல் பொலோன்யா வர்த்தக சபையில் பதிவான செய்முறையைக் காட்டினால், "நம் வீட்டு ருசி இல்லை" என்கிறார்.

100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை போட்டுத்தான் பிசைகிறேன். ஆனால் தேய்த்த மாவு சீக்கிரம் காய்ந்து, மடிக்கும்போது விளிம்பு பிரிகிறது. ஈரத்துணியால் மூடினால் பிசுபிசுக்கிறது. என்ன செய்யலாம்? அப்புறம், கண்ணளவில் போடுபவரிடம் அளவைக் கறப்பது எப்படி? தராசை எடுத்தாலே கோபம் வருகிறது அவருக்கு.