கேம்பர் வேன் ஃபிரிட்ஜ்: வீட்டு மின்சாரத்தில் குளிர்கிறது, கேஸிலும் பேட்டரியிலும் குளிரவில்லை

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

வணக்கம். எங்களுடைய பழைய கேம்பர் வேனில் 230 வோல்ட் மின்சாரம், 12 வோல்ட் பேட்டரி, கேஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மறுநாள் காலை குடும்பத்தோடு அண்டர்பெர்க் பக்கம் கிளம்பினோம். புறப்படும்போது ஜில்லென்று இருந்த ஃபிரிட்ஜைப் போய்ச் சேர்ந்ததும் திறந்து பார்த்தால் தயிர்ப் பாத்திரம் வியர்த்துப்போய்க் கிடந்தது. கேஸில் பற்றவைத்தோம். சுடர் மஞ்சளாக ஆடியது, குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்தது. விடிவதற்குள் பால் திரிந்துவிட்டது. பால் போனால் போகட்டும், அம்மாவின் திறக்காத இன்சுலினும் அதற்குள்தான் இருந்தது. முகாம் அலுவலகத்தார் தங்கள் ஃபிரிட்ஜில் அதை வைத்துக்கொண்டதால் தப்பித்தோம்.

ஊர் திரும்பியதும் ஒரு வொர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். உள்ளே இருக்கும் வாயு கசிந்துவிட்டது, நிரப்பிவிட்டோம் என்று சொல்லி 1,800 ராண்ட் வாங்கினார்கள். அடுத்த பயணத்திலும் அதே கதைதான். இரண்டாவது வொர்க்‌ஷாப் வண்டியை ஐந்து வாரம் வைத்திருந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை, நேரில் போனால் நாளைக்கு வாருங்கள் என்றார்கள். கடைசியில் குளிரூட்டும் பகுதியே செத்துவிட்டது, மாற்ற 14,000 ராண்ட் ஆகும் என்கிறார்கள். ஆனால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கில் செருகினால் மறுநாள் காலையில் ஐஸ் தட்டில் தண்ணீர் உறைந்திருக்கிறது. செத்துப்போனது எப்படி உறைய வைக்கும்? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற மின்பணியாளர்)

தம்பி, அந்த 14,000 ராண்டைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் வெல்டிங் செய்த குழாய்களுக்குள் அடைத்திருப்பார்கள். கீழே சூடேற்றினால் அம்மோனியா பிரிந்து மேலே சென்று, குளிர்ந்து, திரும்பி வரும் வழியில் பெட்டியின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. சூடு கரண்டிலிருந்து வந்தாலும் கேஸ் சுடரிலிருந்து வந்தாலும் அந்தக் குழாய்களுக்கு ஒன்றுதான். ஆகவே ஒரு வழியில் குளிர்ந்தால் குளிரூட்டும் பகுதி நலமாக இருக்கிறது என்றே பொருள், கோளாறு மற்ற வழிகளில் சூடு உண்டாக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்குச் செய்வதுபோல் ஒரு ஹோஸைச் செருகி இதில் வாயு நிரப்பவும் முடியாது. உண்மையிலேயே கசிந்திருந்தால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், பின்பக்கக் குழாயில் மஞ்சள் தூள் படிந்திருக்கும்.

கேஸிலிருந்து தொடங்குங்கள். சிலிண்டரை மூடிவிட்டு வெளிப்பக்கக் கீழ்க் காற்றுத்தட்டைக் கழற்றினால் பர்னர் தெரியும். பல மாதம் நின்ற வண்டியில் சிலந்தி அங்கே கூடு கட்டியிருக்கும், மேலிருந்து விழுந்த துரு, கேஸ் பீய்ச்சும் நுண்துளை உள்ள ஜெட்டின் வாயை அடைத்திருக்கும். மஞ்சள் சுடர் என்றால் காற்றும் கேஸும் சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம், சுடர் நீலமாக நிலைத்து எரிய வேண்டும். ஜெட்டை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதுங்கள், ஊசியால் மட்டும் குத்தாதீர்கள், ஓட்டை சற்றே பெரிதானாலும் அது பாழ்தான். சுடர் நீலமான பிறகும் கையை எடுத்தால் அணைகிறதென்றால், சுடரின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்து வைக்கும் தெர்மோகப்பிளைப் பாருங்கள். கேஸ் இணைப்பில் நம்பிக்கை இல்லையென்றால் கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் அமைப்பில் பதிவு பெற்றவரை அழையுங்கள். எப்படியானாலும் மீண்டும் பூட்டியபின் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைப் பார்க்காமல் விடக்கூடாது.

அடுத்தது 12 வோல்ட். ஃபிரிட்ஜுக்குள் ஒட்டியுள்ள சீட்டில் 120 வாட் என்று இருந்தால் அது 10 ஆம்பியர் இழுக்கும். எஞ்சினை ஓடவிட்டு முதலில் பேட்டரியிலும் பிறகு ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள முனையிலும் வோல்ட்டை மல்டிமீட்டரால் அளந்து இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள். இன்னொன்று, 12 வோல்ட் ஏற்கெனவே உள்ள குளிரை ஓரளவு காக்குமே தவிர, சூடான பெட்டியைக் குளிர்விக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறுத்தும் இடத்தில் வண்டி சமமாக நிற்க வேண்டும், சாய்ந்து நின்றால் குழாய்க்குள் ஓட்டம் தடைபடும்.

பதில் 2 (டொங்காட்)

பழுதுபார்ப்பவர்களிடம் நானும் பட்டிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு வேண்டியது இருக்கிறது. 15ஆம் பிரிவின்படி, செலவு மதிப்பீடு வேண்டாம் என்றோ, இவ்வளவு தொகை வரை செய்யலாம் என்றோ நீங்களே எழுத்திலோ வேறு பதிவாகவோ சொல்லியிருந்தாலன்றி, அதைக் கொடுத்து உங்கள் ஒப்புதலைப் பெறாமல் வேலைக்குப் பணம் கேட்க முடியாது. 57ஆம் பிரிவின்படி பழுதுபார்க்கும்போது பொருத்திய பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. 67ஆம் பிரிவின்படி கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் திருப்பித் தர வேண்டும். வண்டியை விடும்போதே பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று வேலைச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதைக் கேட்டதுமே முகம் மாறுகிற கடையில் நான் வண்டியை விடுவதில்லை.

அந்த 1,800 ராண்டைப் பொறுத்தவரை, எந்த வாயுவை எவ்வளவு நிரப்பினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுத்துவிட்டு, சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். 20,000 ராண்ட் வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், இரு தரப்பிலும் வழக்கறிஞர் வைக்க முடியாது என்பதால் நீங்களே பேசினால் போதும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. தட்டைக் கழற்றினேன். பர்னர் வாயில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளை ஒட்டடை பஞ்சுபோல் அடைத்திருந்தது. ஜெட்டையும் சுத்தம் செய்தபின் சுடர் நீலமாக நிற்கிறது, நேற்று இரவு முழுவதும் கேஸில் ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் உள்ளே 4 டிகிரி. இரண்டு வொர்க்‌ஷாப்பிலும் ஒருவரும் அந்தத் தட்டின் திருகைத் தொட்டதாகவே தெரியவில்லை, அதன்மேல் பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. 12 வோல்ட்டில் பேட்டரியில் 13.6, ஃபிரிட்ஜ் முனையில் 10.6.

பதில் 1 எழுதியவர்

மூன்று வோல்ட் வழியிலேயே கரைகிறது. வோல்ட் குறைந்தால் வாட் அதன் இருபடி விகிதத்தில் குறையும், ஆகவே 10.6இல் உங்களுக்குக் கிடைப்பது 12 வோல்ட்டில் வரும் சூட்டில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கனெக்டர் ஏதாவது கருகியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பிறகு பேட்டரியிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, பேட்டரியை ஒட்டி ஃபியூஸும், எஞ்சின் நின்றால் துண்டிக்கும் ரிலேயும் போடுங்கள். ரிலே இல்லையென்றால் சாப்பிட நிறுத்திய நேரத்தில் பேட்டரி இறங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

கனெக்டர் கருகித்தான் இருந்தது, பிளாஸ்டிக் உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. சனிக்கிழமை புதுக் கம்பி இழுக்கிறேன். முதல் வொர்க்‌ஷாப்புக்குக் கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிவிட்டேன், கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.