27-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தையின் அறிவு வளர்ச்சி: அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் மகள் 27-ஆம் வாரத்திலேயே பிறந்தவள். திருத்திய வயதுப்படி, அதாவது பிறந்த நாளிலிருந்து அல்லாமல் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து கணக்கிட்டால், இப்போது ஒன்றரை வயது. கிண்ணத்துக்கு அடியில் ஒளித்து வைத்த பொம்மையைத் தேடி எடுத்துவிடுகிறாள். பேச்சு மட்டும் 'அம்மா', 'தா' என்ற அளவிலேயே நிற்கிறது. கருவுறும் முன்பே தங்கையின் உடல் நிறைக் குறியீட்டெண் (BMI) 30-ஐத் தாண்டி, உடற்பருமன் என்ற அளவில் இருந்ததால், உறவினர்கள் பழியை அவள்மீதே சுமத்துகிறார்கள். அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

அமெரிக்காவில் 2002 முதல் 2004 வரை, 28 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைகளைச் சேர்த்துப் பின்தொடர்ந்த 'எல்கன்' ஆய்வில், தாயின் உடற்பருமனுக்கும் பத்து வயதில் குழந்தையின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதற்கும் தொடர்பு காணப்பட்டது உண்மையே. ஆனால் அந்தத் தொடர்பை வைத்து ஒரு தனிக் குழந்தையின் நிலைக்குத் தாயின் எடையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூளை இரத்தக்கசிவு, நுரையீரல் பாதிப்பு, கிருமித்தொற்று, குடும்பச் சூழல் எனப் பலவும் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை.

மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் பெய்லி (சிறு குழந்தைகளின் அறிவு, மொழி, அசைவுத் திறன்களை அளவிடும் சோதனை) போன்ற வளர்ச்சி மதிப்பீடு செய்துகொண்டவர்கள் இங்கே இருந்தால், அதை எந்த வயதில் செய்தீர்கள், செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் எப்போது தொடங்கின என்று அருள்கூர்ந்து எழுதுங்கள். அடுத்த கருவுறுதலுக்கு முன் எடையைக் குறைக்க, பழி சொல்லாமல் வழிநடத்தும் மகப்பேறு மருத்துவர் யாரையேனும் மதுரைப் பக்கம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.