செல்ஃப் கிளீன் ஓவன்: பட்டனைப் போடுவதா, கையால் தேய்ப்பதா?

மாவுச்சல்லடை (கேள்வி):

டொரோண்டோ வாடகை வீட்டில் இருக்கும் 30 அங்குல எலெக்ட்ரிக் ரேஞ்ச் (மேலே அடுப்பு, கீழே ஓவன்). சூட்டுக்காற்றைச் சுழற்றும் கன்வெக்ஷன் ஃபேன் உண்டு, ஃபேனைச் சுற்றி வட்டமாக ஒரு எலிமென்ட்டும் உண்டு. பேனலில் ‘செல்ஃப் கிளீன்’, ‘ஸ்டீம் கிளீன்’ என்று இரண்டு பட்டன். அடித்தட்டில் கோழி ரோஸ்ட் எண்ணெய் கருகி ஒட்டியிருக்கிறது. ஒரு மூலையில் சர்க்கரைப் பாகு பொங்கி வழிந்து கறுத்த தடிப்பு. ஃபேன் மூடித் துளைகளில் பழுப்புப் பிசுக்கு. ரேக் இரண்டும் பளபள க்ரோம்.

எந்தப் பட்டனைப் போடுவது? ரேக்கை உள்ளேயே விடலாமா? கடையில் விற்கும் ஓவன் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு செல்ஃப் கிளீன் போட்டால் சீக்கிரம் போகுமா? ஹாலில் ஒரு ஜோடி பட்ஜி கிளிகள் இருக்கின்றன, புகையால் அவற்றுக்கு ஏதும் ஆகுமா? டிசம்பர் கேக் வேலைக்கு முன் ஓவன் சுத்தமாக வேண்டும்.

தணல்:

முதலில் ஸ்ப்ரே விஷயம்: அடிக்கவே கூடாது. செல்ஃப் கிளீனில் உள்ளே 470, 480 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் பிசுக்கு எரிந்து சாம்பலாகிறது, மொத்த வித்தையும் அவ்வளவுதான். கடை ஸ்ப்ரேயில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். எவ்வளவு துடைத்தாலும் மூலை முடுக்கில் கொஞ்சம் தங்கிவிடும், சூடேறும்போது அது எனாமலையே அரிக்கும். உள்பக்கம் திட்டுத் திட்டாக வெளுத்துப்போன ஓவனைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நெடி வராது என்று டப்பாவில் போட்டிருந்தாலும் செல்ஃப் கிளீனுக்கு முன் அடிக்க வேண்டாம்.

ஸ்டீம் கிளீன் வேறு சமாச்சாரம். ஓவன் ஆறியிருக்கும்போது அடித்தட்டுப் பள்ளத்தில் ஒரு கப், ஒன்றேகால் கப் தண்ணீர் ஊற்றிப் போடுவது. நேற்றுச் சிந்திய பால், குழம்பு மாதிரி இளசான அழுக்கு ஊறிக் கிளம்பும். கருகிக் கெட்டிப்பட்டதையோ பக்கச் சுவரையோ அது அசைக்காது. உங்களுக்கு அடித்தட்டை ஊற வைக்கிற அளவுக்கு உதவும்.

செல்ஃப் கிளீன் போடுவதாக இருந்தால் பட்டனை அமுக்குவதற்கு முன் செய்யும் கைவேலைதான் முக்கியம். ரேக்குகளை எடுத்துவிடுங்கள். க்ரோம் ரேக் உள்ளே இருந்தால் நிறம் மங்கி, பிறகு இழுக்கும்போதெல்லாம் சிக்கும். எனாமல் பூசிய கறுப்பு, சாம்பல் நிற ரேக்குகளை மட்டும், கையேடு சரி என்று சொன்னால், உள்ளே விடலாம். அடி டிராயரில் நான்ஸ்டிக் வாணலி, பிளாஸ்டிக் டப்பா இருந்தால் காலி செய்யுங்கள். ஓவனின் சூட்டுக்காற்று பல ரேஞ்சுகளில் பின்பக்க பர்னருக்கு அடியிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ வெளியேறும். உப்பு டப்பா, எண்ணெய்ப் பாட்டில் எல்லாம் நம் வீடுகளில் சரியாக அங்கேதான் குடியிருக்கும்.

அடுத்தது அந்தப் பாகு. சர்க்கரையும் தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பும் எனாமல்மேல் எரிந்தால் கறை நிரந்தரமாகிவிடும். வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் ஒரு மணி நேரம் போட்டு வைத்து, மர அல்லது பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். தேங்கி நிற்கும் கொழுப்பைப் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தாக வேண்டும். இதைத் தவிர்த்தால் வருவது புகை மட்டுமல்ல, தீயே பிடிக்கலாம்.

மிச்சத்துக்கு அரை கப் பேக்கிங் சோடாவில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, தோசைமாவைவிடக் கெட்டியாகக் குழைத்துப் பூசி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஈரத்துணியால் வழித்தெடுத்த பின், வெள்ளையாகப் படிந்திருக்கும் இடத்தில் மட்டும் வினிகர் தெளித்துத் துடையுங்கள். சோடாவையும் வினிகரையும் முதலிலேயே கலந்தால் நுரை அழகாக வரும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், அழுக்கு அப்படியே இருக்கும். எலிமென்ட், ஃபேன் துளை, பின்சுவரின் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில் பருமன் சென்சார் கம்பி, கதவு கேஸ்கெட் (கதவோரம் சூடு கசியாமல் அடைக்கும் பட்டை), இவற்றின் பக்கம் சோடாக் குழம்பு போகக் கூடாது.

இன்னொன்று பலரும் விடுவது: கேஸ்கெட்டுக்கு வெளியே இருக்கும் சட்டமும் கதவின் ஓரமும் தானாகச் சுத்தமாகாது. அங்கிருக்கும் பிசுக்கு முழுசாக எரியாமல் வார்னிஷ் மாதிரி வெந்து இறுகிவிடும். முன்கூட்டியே பாத்திர சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தால் பெரும்பாலும் பட்டனே தேவைப்படாது. அப்படியும் வேண்டுமென்றால் இருக்கும் நேரங்களில் மிகக் குறைந்ததை, அநேகமாக 2 அல்லது 3 மணி நேரம், வையுங்கள். வீட்டில் ஆள் விழித்திருக்கும் பகல் வேளையில் மட்டும் போடுங்கள். உள்ளே தீ தெரிந்தால் கேன்சல் அமுக்குங்கள், கதவைத் திறக்க முயல வேண்டாம். காற்று இல்லாமல் தீ தானாக அடங்கும். அடங்கவில்லை என்றால் எல்லோரும் வெளியே போய் 911.

கிளிக்கூடு:

பறவை இருக்கிற வீட்டில செல்ஃப் கிளீன் போடவே போடாதேங்கோ. போட்டுத்தான் ஆகவேணும் எண்டா, பட்ஜி ரெண்டையும் அண்டைக்கு வேற வீட்டில கொண்டுபோய் விடுங்கோ. பக்கத்து அறையில வைச்சுக் கதவைச் சாத்தினாக் காணாது.

பறவையின்ர மூச்சுப்பை அமைப்பு எங்கட நுரையீரல் மாதிரி இல்லை. நச்சுப்புகை அதுகளுக்கு மிச்சம் கெதியா ஏறும். நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மிஞ்சிச் சூடேறினா வாற புகைக்கு மணமே இருக்காது, ஆனா நிமிசக்கணக்கில பறவையைக் கொல்லும். ஒரு நான்ஸ்டிக் தட்டை மறந்து உள்ள விட்டாலே போதும். கொழுப்பு எரியேக்க கார்பன் மோனாக்சைடும், கண் எரியிற அக்ரோலினும் வரும். அது ஆஸ்துமாக்காரருக்கும் கூடாது.

அடுப்புக்கு மேல இருக்கிறது மைக்ரோவேவ் ஹூட் எண்டா, அது வெளியில குழாய் போட்டதோ எண்டு பாருங்கோ. அபார்ட்மெண்ட்களில கனக்க ஹூட் கரி ஃபில்டரால காத்தை வடிச்சுத் திருப்பி வீட்டுக்குள்ளதான் விடும். அந்தக் கரி கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. ரெண்டு பக்கமும் ஜன்னலைத் திறவுங்கோ. அலாரம் கத்துது எண்டு பேட்டரியைக் கழட்டிப்போடாதேங்கோ.

நாற்பது_ஆம்ப்:

சர்வீஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் செல்ஃப் கிளீனின் பிரச்சினை அழுக்கு இல்லை, சூடு. அவ்வளவு சூட்டில் உள்பெட்டி தாங்கும், அதற்கென்றே செய்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் கண்ட்ரோல் போர்டு, கதவுப் பூட்டு மோட்டார், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் எல்லாம் மணிக்கணக்காக வாட்டப்படுகின்றன. கூலிங் ஃபேன் பலவீனமாக இருந்தாலோ, காற்றுத் துவாரங்கள் தூசியால் அடைந்திருந்தாலோ தெர்மல் ஃபியூஸ் போய்விடும். ஓவன் செத்துக் கிடக்கும், சில சமயம் கதவும் பூட்டியபடியே.

கதவு திறக்காவிட்டால் நெம்பாதீர்கள், லாட்ச் கொக்கி வளைந்தால் செலவு இரட்டிப்பு. முழுசாக ஆற ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்வரை அது திறக்கக் கூடாது என்றே வடிவமைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகும் அடம்பிடித்தால் பிரேக்கரை 5 நிமிடம் அணைத்துப் போடுங்கள், பல மாடல்களில் போர்டு பூட்டு மோட்டாரை மறுபடி சுழற்றித் திறக்கப் பார்க்கும். அதுவும் பலிக்கவில்லை, டிஸ்ப்ளேயில் ‘எஃப்’ என்று தொடங்கும் பிழைக் குறியீடு வருகிறது என்றால் அதைக் குறித்துக்கொண்டு வீட்டு உரிமையாளரிடம் சொல்லுங்கள். வாடகை வீட்டில் பின் தகட்டை நீங்கள் கழற்ற வேண்டாம். ஃபியூஸை ஒயர் போட்டு நேராக இணைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்த ஃபியூஸ்தான் வீடு எரியாமல் காப்பது.

டிசம்பருக்கு முந்திய வாரத்தில் எந்தக் காரணத்துக்காகவும் செல்ஃப் கிளீன் வேண்டாம். பார்ட் வரவழைக்க நேரம் இருக்கும்போது மட்டும் போடுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் பறவையும் இருப்பதால் சோடாவே போதும்.

மாவுச்சல்லடை:

சோடா வழியே போகிறேன். இரண்டு சந்தேகம். ஃபேன் மூடியைக் கழற்றிக் கழுவலாமா? கதவு கேஸ்கெட்டின் கீழ் மூலையில் நூல் பிரிந்து நிற்கிறது. அதிலும் பிசுக்கு, தேய்க்கலாமா?

தணல்:

கேஸ்கெட்டைத் தேய்க்கக் கூடாது. அது கண்ணாடி நாரில் பின்னியது. சோப்பு, பிரஷ் பட்டால் நார் உடைந்து தட்டையாகிவிடும், பிறகு சூடு அந்த வழியே கசியும், மேலிருக்கும் பேனலும் குமிழ்களும் வேகும். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் பிடிப்பாக இருந்தால் போதும், பிரிந்த மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் புதிது மாற்ற வேண்டும். பல மாடல்களில் ஸ்பிரிங் கிளிப்பால் மாட்டியிருக்கும். நெருப்புத் தாங்கும் பசை என்று எதையாவது தடவி ஒட்ட வேண்டாம்.

ஃபேன் மூடியைக் கழற்றலாம், ஆனால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. ஓவன் குளிர்ந்திருக்க வேண்டும். பேனலில் ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பிரேக்கரையே அணையுங்கள். வெளியே தெரிவது 2 முதல் 4 ஸ்க்ரூ. ஸ்டார் தலையாகவோ கால் அங்குல அறுகோணத் தலையாகவோ இருக்கும். கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது மூடியை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், நழுவி விழுந்தால் அடித்தட்டு எனாமல் சில்லு பெயரும். மூடியை வெந்நீரும் பாத்திர சோப்பும் கலந்து அரை மணி ஊற வைத்து, கீறாத ஸ்பாஞ்சால் கழுவி, ஈரமே இல்லாமல் காய வைத்து மாட்டுங்கள்.

ஃபேன் இறக்கைகளை ஈரத்துணியால் மெல்ல ஒற்றினால் போதும். ஒரு இறக்கை கொஞ்சம் வளைந்தாலும் சமநிலை போய்க் கடகடவென்று சத்தம் வரும். நட்டைத் தொடாதீர்கள். பல மாடல்களில் அது இடமரை, கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவீர்கள். வட்ட எலிமென்ட்டில் சோப்பு வேண்டாம், ஒட்டியிருப்பது அடுத்த முறை சூடேறும்போது எரிந்துவிடும்.

துளைகளில் பிசுக்கு ஏறுவதற்கே காரணம், ஃபேன் கோழியின் கொழுப்பைச் சுழற்றிச் சுவரெல்லாம் தெளிப்பதுதான். கன்வெக்ஷனில் ரோஸ்ட் செய்யும்போது சாதாரண அளவைவிட 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்து, பக்கம் உயர்ந்த ட்ரேயில் வையுங்கள். சிந்துவதைப் பிடிக்க அலுமினியத் தாளை அடித்தட்டில் விரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது சூட்டை அடைத்து எனாமலோடு ஒட்டிக்கொள்ளும், பெயர்க்கவே வராது. அதற்குப் பதில் கீழ் ரேக்கில், மேலே உள்ள பாத்திரத்தைவிட ஒரு அங்குலம் பெரிய தட்டு ஒன்றை வையுங்கள். ரேக் முழுவதையும் மூடினால் காற்று ஓடாது.

வெண்ணெய்த்தாள்:

இதைப் படிக்கும் ஐரோப்பா, இந்தியா நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் ஓவனின் பக்கச் சுவர் கைக்குச் சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் அது கேட்டலிட்டிக் பூச்சு, தெறித்த எண்ணெயைச் சூட்டில் தானே எரித்துவிடும் நுண்துளைப் பூச்சு. அதற்குச் சோடாவும் ஆகாது, சோப்பும் ஆகாது. நுண்துளை அடைந்தால் பூச்சு வேலை செய்யாது. 250 டிகிரி செல்சியஸில் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை காலியாக ஓட விட்டால் தெறித்த எண்ணெய் எரிந்து போகும். அடித்தட்டும் கண்ணாடியும் வழக்கம்போல் கைவேலைதான். கண்ணாடியில் கம்பி நார் போடாதீர்கள், கீறல் விழுந்த கண்ணாடி சூட்டில் உடைந்து நொறுங்கலாம்.

நாற்பது_ஆம்ப்:

எல்லாம் மாட்டி முடித்ததும் பிரேக்கரைப் போட்டு, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி காலியாக ஓட்டுங்கள். சோப்பு வாடை போகும், ஃபேன் சத்தமும் தெரிந்துவிடும். நடு ரேக்கில் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து, எலிமென்ட் ஏறி இறங்கும்போது மேலளவு, கீழளவு இரண்டையும் குறித்து நடுவை எடுங்கள். 10, 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் செட்டிங்கிலேயே திருத்தலாம், பெரும்பாலான போர்டுகள் சுமார் 30 டிகிரி வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கும். அதற்கும் மேல் போனால் துடைக்கும்போது சென்சார் கம்பி வளைந்து சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள்.