ஓட ஓட இறுகும் முன்சக்கர பிரேக்: காலிப்பரை மாற்றியும் தீரவில்லை

சாட்ஸ்வர்த்வாசி:
வணக்கம். பதினைந்து வயதான என் காரைக் காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. டர்பன் நெரிசலில் ஊர்ந்து, பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது, பிரேக்கை மிதிக்கும் வேலையே இல்லாத அந்த ஏற்றத்தில் கரிந்த வாடை வருகிறது; வண்டியும் இடப்பக்கம் இழுக்கிறது. நிறுத்திப் பார்த்தால் இடது முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. வலது சக்கரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே விட்டுவிடுகிறது. பழுது பார்த்த இடத்தில் இடது காலிப்பரையும் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இரு பக்க உராய்வு பேடுகளையும் மாற்றினார்கள். பத்தே நாளில் பழைய கதை. இப்போது, பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்குச் செலவழிக்கும் முன் நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

மாரிட்ஸ்பர்க் பழைய மெக்கானிக்:
தம்பி, மாஸ்டர் சிலிண்டருக்கு அவசரப்பட வேண்டாம். அதில் எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைபட்டால், பெரும்பாலும் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்காது. அதே இணைப்பிலுள்ள மற்றொரு சக்கரமும் சேர்ந்தே பிடிக்கும்.

பிடித்து வைத்திருப்பது எண்ணெய் அழுத்தமா, இரும்பின் இறுக்கமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஆறிய பிறகு சோதித்தால் ஒன்றும் தெரியாது; பிரேக் பிடித்திருக்கும்போதே சமதளத்தில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலிப்பரில் எண்ணெயை வெளியே விடும் திருகான ப்ளீடர் நிப்பிளில் ஒரு குழாயை மாட்டிப் புட்டிக்குள் விட்டுக் கால் சுற்று திறந்தால், எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் உடனே விடுபடுகிறதா என்று பாருங்கள். அப்படியும் விடவில்லை என்றால் கோளாறு பேடைத் தள்ளும் பிஸ்டனிலோ, காலிப்பர் வழுக்கி நகரும் பின்கள் என்ற இரும்புத் தண்டுகளிலோ இருக்கிறது. விடுபட்டால், நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மறுபடி பிடிக்கவிட்டு, காலிப்பருக்கு எண்ணெய் கொண்டுவரும் ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் மூட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அங்கே விடுபட்டால் தடை மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ்தான் கள்ளன். காலின் பலத்தில் எண்ணெய் உள்ளே போய்விடும். திரும்பத் தள்ளுவதற்குப் பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீலின் சிறு நெகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லாததால், ஹோஸின் உட்சுவர் வீங்கியிருந்தால் அது ஒருவழிக் கதவாகிவிடுகிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருக்கும்.

டோங்காட்காரர்:
ஐயா சொல்வது சரி. ஆனால் கடலோரத்தில் இருப்பவர்கள் பின்களையும் மறக்கக் கூடாது. காலிப்பரை மாற்றுகிறவர்கள் அதைத் தாங்கும் பிராக்கெட்டைப் பல நேரங்களில் பழையபடியே விட்டுவிடுவார்கள். என் வண்டியில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறையில் மயிரிழை அளவு கிழிசல்தான் இருந்தது. அதற்குள் உப்புக்காற்று புகுந்து, விரலால் தள்ளினாலே வழுக்க வேண்டிய பின்னைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உள்பக்க பேடு தகடுவரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கத்தில் பாதி மிச்சமிருந்தது. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள்.

சாட்ஸ்வர்த்வாசி:
சனிக்கிழமை சோதித்தேன். பின்கள் இலகுவாகவே நகர்ந்தன. மேல் மூட்டைத் தளர்த்தியபோது சக்கரம் அசையவில்லை. நிப்பிளைத் திறந்ததும் ஒரே சீற்றலில் விடுபட்டது. ஹோஸை மாற்றிவிட்டுப் பழையதை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உட்குழாய் மடிந்து, மெல்லிய கம்பிகூட நுழையவில்லை. நேற்று அதே ஏற்றம் ஏறினேன். இரண்டு சக்கரங்களும் ஒரே சூட்டில் இருந்தன.

மாரிட்ஸ்பர்க் பழைய மெக்கானிக்:
நல்லது தம்பி. வலது ஹோஸுக்கும் அதே வயதுதான், அதையும் மாற்றிவிடுங்கள். அத்தனை சூடு கண்ட எண்ணெயை வைத்திருக்கவும் வேண்டாம். டாட் 4 தரப் புதிய பிரேக் எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு அதற்குரிய வரம்பு 155 டிகிரிதான். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து இறக்கத்தில் வீடு திரும்பும் உங்களுக்கு அந்த வித்தியாசம் பெடலிலேயே தெரியும்.