தென்னாப்பிரிக்காவில் ஆள் பழக்கம் இல்லையா? ஒரு கேரவன் கிளப்பைத் தேடிப் பாருங்கள்

டர்பனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, ஆபீசைத் தாண்டி யாரையும் தெரியாது, சனி ஞாயிறு வந்தாலே வீடு கனக்கிறது என்று எழுதியிருந்த தம்பிக்கும் அவர் மனைவிக்கும் இதை எழுதுகிறேன். படித்ததும் எங்கள் முதல் வருடம்தான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மேல் குறை எதுவும் இல்லை. இங்கே வீடுகள் இருக்கிற விதம் அப்படி. ஆள் உயரத்துக்கு மேல் மதில், அதற்கு மேல் மின்வேலி, ரிமோட்டில் திறக்கும் கேட். பக்கத்து வீட்டுக்காரர் காரோடு உள்ளே போவார், காரோடு வெளியே வருவார். வாசலில் கோலம் போடுகிற நேரத்தில் நாலு வார்த்தை பேசிப் பழகிய நமக்கு இது மூச்சு முட்டும். எட்டு மாதம் ஒரே தெருவில் இருந்தும் எதிர்வீட்டு அம்மாவின் முகம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

கோயிலுக்குப் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கண்டிப்பாகப் போங்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே ‘போரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். அதையும் தைப்பூசக் காவடியையும், 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் காத்து வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் கண் கலங்கும். ஆனால் கும்பிட்டு, சாப்பிட்டு, அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். ஒருவரோடு ஒருவர் ஒட்டுவதற்கு அது போதாது. சேர்ந்து சமைத்து, சேர்ந்து பாத்திரம் கழுவி, மறுநாள் காலையில் தூக்கக் கண்ணோடு மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது கேரவன் பார்க்கில்தான் கிடைத்தது, அதாவது படுக்கை, அடுப்போடு உள்ள சக்கர வீடுகளை நிறுத்தித் தங்குகிற இடத்தில்.

என் கணவரோடு வேலை செய்பவர் ஒருவர் தன் கேரவன் கிளப்பின் ‘ராலி’க்கு அழைத்தார். ராலி என்றதும் வண்டிகள் ஊர்வலம் போகும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. வெள்ளி மாலை பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே இடத்தில் வந்து சேரும், ஞாயிறு மதியம் கலையும், அவ்வளவுதான். சில மோட்டார் ஹோம், அதாவது தானே ஓடுகிற வீட்டு வண்டி, சில காருக்குப் பின்னால் இழுத்து வந்த கேரவன். நாங்கள் கூடாரத்தோடு போனோம். டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரம், டர்பனிலிருந்து சுமார் மூன்று மணி நேரம்.

கோடையில் அந்த மலைப்பக்கம் மத்தியானம் இடி மின்னலோடு மழை வரும் என்று எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை மூன்று மணிக்குக் காற்று கூடாரத்தைப் பிடுங்க ஆரம்பித்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வருகிறார்கள். ஒருவர் கம்பியைப் பிடித்தார், ஒருவர் முளையடித்தார், ஒரு பெரியம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு தன் வண்டிக்குள் போய்விட்டார். மழை நின்றபோது எல்லோரும் தொப்பலாக நனைந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மதில் இல்லாத இடத்தில் அக்கம்பக்கம் எவ்வளவு சீக்கிரம் உண்டாகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். வண்டிக்கு முன்னால் விரிக்கிற பந்தல் நம் ஊர்த் திண்ணை மாதிரிதான். அதில் உட்கார்ந்திருப்பவரோடு யாரும் வந்து பேசலாம்.

ஆப்பிரிக்கான்ஸ் பேசும் குடும்பங்கள் நிறைய இருந்தன. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆண் என்றால் ‘ஊம்’, பெண் என்றால் ‘டன்னி’. நம் மாமா, அத்தை போலத்தான். என் மகள் இரண்டாம் நாளே டன்னி டன்னி என்று பின்னால் ஓடினாள்.

அங்கேதான் பிள்ளை வம்சத்து அங்கிள் ஒருவரையும் பார்த்தோம். ஐந்தாம் தலைமுறை. பேசுவது ஆங்கிலம், ஆனால் தாத்தா, ஆயா என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. சின்ன வயதில் இந்த மாதிரி இடங்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததைச் சொன்னார். பொது வசதிகளை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1953இல் வந்து 1990இல்தான் நீக்கப்பட்டது. நிறவெறிக் காலம் முடிந்த பிறகு ஒரு பழைய ஸ்பிரைட் கேரவனை வாங்கி, தன் அம்மாவை முதன்முதலாக அழைத்துப் போனாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நமக்கு இது பொழுதுபோக்காகத் தெரியலாம். அவர்களுக்கு அதற்கு மேலே என்பதை மனதில் வைத்துப் பழகுங்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலிலேயே வண்டி வாங்காதீர்கள். விருந்தினராக வரலாமா என்று கிளப் செயலாளரிடம் கேளுங்கள், இரண்டு மூன்று முறை கூடாரத்தோடோ வாடகை வண்டியிலோ போய்ப் பாருங்கள். பிறகு வாங்குவதென்றால் ஜர்கன்ஸ், ஸ்பிரைட், ஜிப்சி என்று பழைய கேரவன்கள் நிறைய விற்பனைக்கு வரும். மழை ஒழுகிய தடம் இருக்கிறதா என்று மூலைகளைக் கையால் அழுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். லைசென்சும் முக்கியம். இங்கே ‘பி’ வகை லைசென்சில் 3,500 கிலோ வரையுள்ள வண்டியும் 750 கிலோ வரையுள்ள டிரெய்லரும்தான். அதைவிடக் கனமான கேரவனை இழுக்க ‘ஈபி’, 3,500 கிலோவுக்கு மேற்பட்ட மோட்டார் ஹோமுக்கு ‘சி1’. பெரும்பாலான பார்க்குகளில் மின்சாரம் எடுக்க நீல நிற வட்ட பிளக் வேண்டும். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள், மாடும் குழியும் தெரியாது.

‘ஒரு பிளேட் கொண்டு வா’ என்றால் வெறும் தட்டு இல்லை, எல்லோருக்கும் பகிர ஏதாவது சமைத்து வா என்று பொருள். ‘ஜஸ்ட் நவ்’ வருகிறேன் என்றால் உடனே வர மாட்டார்கள், அப்புறம் வருவார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சைவம் என்றால் தயங்காதீர்கள். இங்குள்ள தமிழர்களில் பலர் புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொட மாட்டார்கள் என்பது டர்பன் பக்கம் பரவலாகத் தெரியும். ‘பிராய்’ என்கிற, தணலில் இறைச்சி சுடும் அடுப்புக்குத் தனிக் கம்பிவலை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி, வெங்காயம், சீஸ் வைத்து தணலில் வாட்டிய ரொட்டி அவ்வளவு ருசி. நான் ‘ஸ்காட்டில்’ என்கிற அகலமான குழித்தட்டில் முட்டைக் கொத்து பரோட்டா போடுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் முதலில் தட்டோடு வருவது ஊம்கள்தான்.

போன வருடம் என் அப்பா ஊரில் தவறிவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாக டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அன்று மழையில் மகளை வாங்கிக்கொண்ட அதே டன்னி வீட்டுக்கு வந்து எங்களுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தார். அந்த அங்கிள்தான் விமான நிலையத்துக்கு ஓட்டிப் போனார்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ராலிக்கு சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், வெள்ளிக்கிழமை இருட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள். அப்போதுதான் ஒவ்வொருவரும் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியைச் சமன் செய்துகொண்டிருப்பார்கள். யாருக்காவது ஒரு கட்டை எடுத்துக் கொடுங்கள்.